தொலேதோவில் மண்டியிட்ட தெரு

ஸ்பெயினுக்குப் போகப்போகிறோம் என்று தெரிந்ததும் எதிர்வீட்டு மாமி கேட்ட முதல் கேள்வி, "அங்கே நம்ம மனுஷா யார் இருக்கா?" என்பதுதான். யாரும் இல்லை என்றேன். "அப்புறம் எதுக்குப் போறேள்?" என்றாள்.

பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொள்ள என்னை ஏற்றிக்கொண்டு போன ரிக்‌ஷாக்காரர் ஏழுமலைக்கும் அதே சந்தேகம்தான்.

"இன்னாம்மா, ப்ளேன்ல போறியாமே. எந்த ஊரு?"

"ஸ்பெயின்."

"அங்க இன்னா கீது?"

"மாட்டோட சண்டை போடுவாளாம். அதைப் பார்க்க டிக்கெட் வாங்கிண்டு ஜனங்கள் போவாளாம்."

"அத்தப் பாக்கவா அம்மாந்தூரம் போறே? சும்மா லஸ் முனையாண்ட நில்லு. தெனம் நான் போட்டுக்கினுதான் கீறேன்."

உண்மையில் போகவேண்டியிருந்தது என் கணவருக்கு. இவர் தோல் பதனிடும் ரசாயனம் படித்தவர். அடையாறில் வேலை. மயிலாப்பூர் வைதிகக் குடும்பத்துப் பிள்ளை நாளெல்லாம் மாட்டுத் தோலோடு புழங்குகிறான் என்பதை என் மாமனார் கடைசிவரை வெளியே சொன்னதில்லை. யார் கேட்டாலும் "கெமிஸ்ட்ரி" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அது எழுபதுகளின் ஆரம்பம். மாட்ரிட்டில் தோல் நிபுணர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்கு இவரை அழைத்திருந்தார்கள். மனைவியையும் கூட்டி வரலாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள் என்றார். இவருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போடுவது நான். அதற்காகத்தான் என்னையும் கூட்டிப் போகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மாட்ரிட்டில் முதல் நாளே ஒரு காப்பிக்கடைக்குள் நுழைந்தவள் நுழைந்த வேகத்தில் வெளியே வந்துவிட்டேன். கூரையிலிருந்து பன்றிக் கால்கள் குளம்போடு தொங்கின. நம் ஊர்க் கடைகளில் வாழைத்தார் தொங்குமே, அப்படி வரிசையாக. ஒவ்வொன்றின் அடியிலும் கொழுப்பு சொட்டாமல் இருக்க ஒரு குட்டிக் கிண்ணம் செருகியிருந்தது. அந்தக் கால்களுக்குக் கீழே நின்று ஜனங்கள் சாவகாசமாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர் மட்டும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "நன்னா க்யூர் பண்ணியிருக்கான்" என்றார். பதனிடுகிறவரின் தொழில் புத்தி.

இரண்டாம் நாள் மத்தியானம், மாமிசம் வேண்டாம் என்று ஓட்டல்காரருக்குக் கையாலும் காலாலும் புரியவைத்தோம். புரிந்தது என்று தலையாட்டிவிட்டுப் பச்சைப் பட்டாணி கொண்டுவந்து வைத்தார். ஸ்பூனால் கிளறினால் உள்ளே செக்கச்செவேலென்று துண்டுகள். இவருடைய கூட்டத்துக்கு வந்திருந்த இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் பக்கத்து மேஜையில் இருந்தார். அவர் மூலம் விசாரித்தோம். "மாமிசம் இல்லை அம்மா. வெறும் பன்றித் தொடைதான்" என்றாராம் ஓட்டல்காரர். வருத்தமாகத்தான் சொன்னார், பாவம்.

சாப்பாடு என்னவானாலும் பரவாயில்லை. அதன் வேளைதான் என்னைக் கலங்க வைத்தது. அந்த ஊரில் மத்தியானச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல். ராத்திரிச் சாப்பாடு பத்துக்கு மேல். இன்சுலின் போட்டுக்கொண்ட மனுஷர் கடிகாரம் பார்த்துச் சாப்பிடவேண்டும். தவறினால் ரத்தத்தில் சர்க்கரை சர்ரென்று இறங்கிவிடும். மயிலாப்பூரில் இரண்டு தடவை இறங்கி, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றியிருக்கிறேன். அதனால் வெளியே கிளம்பும்போதெல்லாம் ரொட்டி, வாழைப்பழம், வேகவைத்த உருளைக்கிழங்கு, குளுக்கோஸ் டப்பா எல்லாம் போட்ட துணிப்பை ஒன்று என் தோளிலேயே தொங்கும். கூட்டத்துக்கு வந்த வெள்ளைக்காரப் பெண்மணிகள் தோளில் சின்னதாய்த் தோல் பை. என் தோளில் மூட்டை.

நான்காம் நாள் வியாழக்கிழமை. ஊரெல்லாம் விடுமுறை. தொலேதோவுக்குப் போய் வாருங்கள், இன்று அங்கே ஆண்டவர் உடலின் திருநாள், வருஷத்தில் ஒரே நாள்தான் இந்த ஊர்வலம் என்று ஓட்டலில் சொன்னார்கள். தேசப்படத்தில் டொலிடோ என்று படித்ததைத்தான் அவர்கள் தொலேதோ என்கிறார்கள் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகே எனக்குப் புரிந்தது.

திருநாள் பஸ். அறுபத்துமூவர் உற்சவத்தன்று மயிலாப்பூருக்கு வரும் பஸ்ஸுக்குச் சற்றும் குறைந்ததில்லை. என் மூட்டை இடத்தை அடைக்கிறது என்று டிரைவர் அதை வாங்கி பஸ்ஸின் அடிவயிற்றில் திணித்துக் கதவைச் சாத்தினார். வழியெல்லாம் காய்ந்த மண், ஆலிவ் மரங்கள், மறுபடியும் காய்ந்த மண்.

ஊருக்கு வெளியே ஒரு திருப்பத்தில் பஸ் நின்றது. பளபளக்கும் கறுப்புத் தொப்பி வைத்த காவலர்கள் கையைக் காட்டினார்கள். மேலே பாதை அடைத்தாயிற்று, எல்லாரும் இறங்கி நடக்கவேண்டும். நாங்கள் இறங்கியபோது முன்னால் பார்த்ததில் என் கால் அப்படியே நின்றுவிட்டது. ஒரு மொட்டைப் பாறை மலை. அதை ஒரு நதி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு, ஆழமான பள்ளத்தில் ஓடுகிறது. அந்தப் பாறையின் மேல் ஓர் இடம்கூட மிச்சமில்லாமல் வீட்டுக்கு மேல் வீடாக ஒரு நகரம். உச்சியில் நாலு மூலையிலும் கோபுரம் வைத்த கோட்டை. எல்லாம் ஒரே மண் நிறம். எனக்குத் தெரிந்த மலை பரங்கிமலைதான். இதன் மேல் மனிதர்கள் குடித்தனம் நடத்துகிறார்கள், குழந்தை பெறுகிறார்கள், துணி காயப்போடுகிறார்கள் என்பதை மனசு ஒப்புக்கொள்ளவில்லை.

வாயைப் பிளந்துகொண்டு நான் நின்ற நேரத்தில் பஸ் திரும்பிப் போய்விட்டது. மூட்டையோடு.

நான் கத்தியதைக் கேட்டு எங்களோடு இறங்கிய ஒரு கிழவர் ஜாடையில் தேற்றினார். சாயங்காலம் இதே இடத்துக்கு பஸ் வரும், உன் பை பத்திரமாக இருக்கும். இவர் சிரித்தார். "மேல இவ்வளவு பெரிய ஊர் இருக்கு. சாப்பிட ஒண்ணும் கிடைக்காதா?"

பாலத்தைத் தாண்டி ஏறினோம். நல்ல வெயில். உள்ளே போனால் தெரு இல்லை, சந்து. இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு பக்கத்துச் சுவரும் தட்டும். சற்று அகலமான தெருக்களில் வீட்டுக்கு வீடு வெள்ளைத் துணி இழுத்துக் கட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். பால்கனிகளில் பூப்போட்ட பட்டுச் சால்வைகள். தேவாலயத்தின் வெளிச்சுவர் முழுக்கப் பழைய சித்திரக் கம்பளங்கள். காலடியில் ஏதோ பச்சிலை பரப்பியிருந்தார்கள். மிதிக்க மிதிக்க ஓமம் கசக்கினாற்போல் வாசனை வந்தது. பெண்கள் கொண்டையில் உயரமான சீப்பு செருகி அதன் மேல் கறுப்பு வலை போர்த்தி நின்றார்கள். எல்லாம் சாவுக்கு வந்தவர்கள் மாதிரி கறுப்பு. ஆனால் முகத்தில் கல்யாணக் களை.

நான் கடை தேடினேன். ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூரில் ஒருத்தர் நினைத்தாலும் பட்டினியாக நடக்கமுடியாது. பத்தடிக்கு ஒரு பந்தல், நீர்மோர், பானகம், தொன்னையில் புளியோதரை, வேண்டாம் என்றாலும் கையில் திணிப்பார்கள். இங்கே இவ்வளவு பெரிய திருவிழா, குடிக்க ஒரு வாய் தண்ணீர் தருவாரில்லை. கதவெல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தது.

திறந்திருந்தது ஒன்றே ஒன்று. மிட்டாய்க்கடை. பாதாமையும் சர்க்கரையையும் அரைத்துச் செய்கிற பலகாரம் அந்த ஊரில் பிரசித்தம். நம் பாதாம் பர்பிதான், ஆனால் மீன், பழம், பாம்பு என்று உருவம் உருவமாகச் சமைத்து அடுக்கியிருந்தார்கள். இவர் கண்ணாடியில் மூக்கு படுகிறாற்போல் நின்றார்.

"ஒண்ணு வாங்கேன்."

"அத்தனையும் சர்க்கரை. வேற ஏதாவது பார்க்கலாம் வாங்கோ."

"ஒண்ணே ஒண்ணு."

"குழந்தையா நீங்க? வேண்டாம்."

இவர் திரும்பினார். நெற்றியெல்லாம் முத்து முத்தாக வியர்வை. ஏறி வந்த களைப்பு, வெயில் என்று நினைத்தேன். ஆனால் இவர் பேசியதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. இந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

"எப்பப் பார்த்தாலும் அளந்துண்டே இரு. ரெண்டு கரண்டி சாதம், அரைக் கரண்டி பருப்பு. வருஷக்கணக்கா என் வாயையே பார்த்துண்டு உக்காந்திருக்கே."

"தெருவில நின்னுண்டு என்ன பேசறேள்?"

"இங்கேயாவது நாலு நாள் தனியா இருக்கலாம்னு நெனச்சேன். உன்னை யார் கூப்பிட்டா? நீயா ஒட்டிண்டு வந்துட்டே."

சுற்றி நின்றவர்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. அதுவே எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. நடுத்தெருவில் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இவரை விட்டு முன்னால் நடந்தேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவர் என்னை 'ஏன் லேட்டு' என்றுகூடக் கேட்டதில்லை. கண் எரிந்தது. ஒரு கம்பளத்தின் முன்னால் போய் நின்றேன். அதில் குதிரைகள் இருந்தன என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது வேட்டுப் போட்டார்கள். மணி அடிக்க ஆரம்பித்தது. இவரிடம் திரும்பிப் போகலாம் என்று பார்த்தால் ஜனம் நெருக்கி என்னை முன் வரிசைக்குத் தள்ளிவிட்டது. இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு பட்டாளத்துப் பிள்ளைகள். நடுவில் ஊர்வலம் வர ஆரம்பித்தது. வெள்ளை அங்கி, பச்சை அங்கி, சிவப்பு அங்கி, கையில் மெழுகுவர்த்தியோடு குழந்தைகள், பேண்டு வாத்தியம். சாந்தோமில் இதே திருநாள் ஊர்வலத்தை நான் பார்த்திருக்கிறேன். கடற்கரைக் குப்பத்து ஜனங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். நம் வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கும். இங்கே பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. பேண்டும் பூட்ஸ் சத்தமும்தான்.

பிறகு அது வந்தது. மூன்று ஆள் உயரம் இருக்கும் என்று தோன்றியது. வண்டியில் வைத்து உருட்டி வந்த, பொன்னால் செய்த ஒரு கோபுரம். நம் தேரைச் சின்னதாக்கி, ஊசி ஊசியாகச் செதுக்கி, தங்கத்தில் முக்கி எடுத்த மாதிரி. நடுவில், ஆண்டவரின் உடலாகவே அவர்கள் கும்பிடும் அப்பத்தை வைத்த கதிர்ப்பாத்திரம். பால்கனியிலிருந்து ரோஜா இதழ் கொட்டியது. அது நெருங்க நெருங்கத் தெருவில் இருந்த அத்தனை பேரும் மண்டியிட்டார்கள். ஒருவர் விடாமல். கிழவர்கள், சீமாட்டிகள், துப்பாக்கிக்காரப் பிள்ளைகள். ஒரு இருமல் சத்தம் இல்லை.

நான் உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் பக்கவாட்டில் பார்த்தேன்.

தெருவின் நடுவில், அந்தத் தங்கக் கோபுரத்துக்கு எதிரே, என் கணவர் நடந்து வந்துகொண்டிருந்தார்.

சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வாயைத் துடைத்துத் துடைத்து ஏதோ பேசிக்கொண்டே வந்தார். கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். கறுப்புத் தொப்பிக் காவலர் ஒருவர் எழுந்து ஓடி இவர் கையைப் பிடித்தார். இவர் கையை உதறி வீசினார். அந்தப் பளபளத் தொப்பி கழன்று விழுந்து பச்சிலை மேல் உருண்டது.

தெருவே மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. "பொர்ராச்சோ" என்றார் யாரோ. குடிகாரன் என்று அர்த்தமாம். அதற்குள் இன்னொரு காவலர் வந்து இவர் கழுத்தில் கை போட்டுவிட்டார்.

நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. செருப்பு எங்கே போனது என்றும் தெரியாது. "விடுங்கோ, அவருக்கு உடம்பு சரியில்லை, விடுங்கோ" என்று தமிழில் கத்திக்கொண்டே போய் அந்தக் காவலரின் கையைப் பிடித்து இழுத்தேன். மண்டியிட்டிருந்த தலைகள் எல்லாம் திரும்பின. அந்தத் தெருவில் நின்றுகொண்டிருந்தது நாங்கள் நாலு பேர்தான். தங்கக் கோபுரத்தின் வண்டி நின்றுவிட்டது. இவர் என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. அப்படியே பச்சிலை மேல் சரிந்தார்.

தொட்டதும் புரிந்துவிட்டது. ஐஸ் மாதிரி வியர்வை. வெயிலும் இல்லை, கோபமும் இல்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. மிட்டாய்க்கடை வாசலிலேயே இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. என் மூட்டையோ மலைக்குக் கீழே எங்கோ ஒரு பஸ்ஸின் வயிற்றில்.

"சுகர், சுகர்" என்று கத்தினேன். யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு குப்பியைத் திறந்து இவர் வாயில் சரித்தார். பிராந்தி. குப்பியைத் தட்டிவிட்டேன். காவலர்கள் இவரை அப்புறப்படுத்தத் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். "சுகர்" என்று மறுபடியும் கத்தினேன். என் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது.

மண்டியிட்ட வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். என் வயசு இருக்கும். பருத்த உடம்பு, கறுப்பு உடை. என் எதிரே வந்து, "அசூகார்?" என்றாள். சர்க்கரையைத்தான் கேட்கிறாள் என்று புரிந்தது. பிறகு தன் இடது புஜத்தில் வலது கையால் ஊசி போடுகிற மாதிரி அழுத்திக் காட்டினாள்.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

அவள் காவலர்கள் பக்கம் திரும்பிப் பேசினாள். சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாலே வாக்கியம். என்ன சொன்னாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது: "இந்த ஆள் குடிக்கவில்லை. என் வீட்டுக்காரர் போனது இப்படித்தான். ஆண்டவர் தெருவில் போகும்போது இவரைச் சாகவிடப் போகிறாயா? அந்தக் கதவு என் வீட்டுக் கதவு, தூக்கு." தொப்பி விழுந்த காவலர் தொப்பியை எடுக்காமலே இவருடைய கால்களைத் தூக்கினார். நாங்கள் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் வெளியே வண்டி நகர்கிற சத்தம் கேட்டது.

வாசல் சின்னது. உள்ளே பூந்தொட்டிகள் வைத்த முற்றம், குளுகுளுவென்று. முற்றத்தை அடுத்த ஓர் அறையில் மர பெஞ்சின் மேல் இவரைக் கிடத்தினார்கள். அவள் சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்துக் கொண்டுவந்தாள். இவருக்கு விழுங்கச் சுவாதீனம் இல்லை. இவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரச் சர்க்கரையை விரலால் எடுத்து உதட்டுக்கு உள்பக்கம், ஈறில், கன்னத்தில் தடவினேன். அவள் இவர் உள்ளங்காலைத் தேய்த்தாள். நான் தடவ, அவள் தேய்க்க, ஒருத்தர் பாஷை ஒருத்தருக்குத் தெரியாமல் எவ்வளவு நேரம் போயிற்றோ. இவர் நாக்கு அசைந்தது. சப்பினார். பிறகு ஒரு வாய், இன்னொரு வாய் சர்க்கரைத் தண்ணீர் இறங்கியது. அவள் மேஜை மேலிருந்த ஒரு தகர டப்பாவைத் திறந்தாள். அந்த பாதாம் பலகாரம். "சாப்பிடுங்கோ" என்றேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஊட்டினேன். இவர் வாழ்க்கையில் நான் இவரைத் தித்திப்புச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சியது அன்றைக்குத்தான்.

கண்ணைத் திறந்து வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அது தொங்கறது?"

அப்போதுதான் நானும் நிமிர்ந்தேன். அது சாமான் அறை. இவர் தலைக்கு நேர் மேலே இரண்டு பன்றிக் கால்கள் கிண்ணத்தோடு தொங்கின.

"ஒண்ணும் இல்லை. நீங்க கண்ணை மூடிக்கோங்கோ" என்றேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன்.

அவள் பெயர் பிலார். ஊர்வலம் முடிந்ததும் பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட வாத்தியாரை அழைத்துவந்தாள். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். அவர் மூலம்தான் நாங்கள் பேசிக்கொண்டோம். சுவரில் அவள் வீட்டுக்காரர் படம் மாட்டியிருந்தது. அடர்ந்த மீசை, சிரித்த முகம். அவருக்கும் இதே வியாதிதானாம். தித்திப்பு என்றால் உயிராம். கடைக்குப் போனால் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு வந்துவிடுவாராம். அதனால் பிலார் வீட்டில் சர்க்கரையே வைப்பதில்லை என்று முடிவு செய்தாளாம். தேன் இல்லை, ஜாம் இல்லை, ஒன்றும் இல்லை.

"ஒரு நாள் காலையில் அவருக்கு இறங்கிவிட்டது" என்று வாத்தியார் அவள் பேசப் பேசச் சொன்னார். "வீட்டில் ஒரு ஸ்பூன் சர்க்கரை இல்லை. இவள் தெருவில் ஓடி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது."

அந்தத் தகர டப்பா அதற்குப் பிறகு மேஜையை விட்டு நகர்ந்ததில்லையாம். அவள் தித்திப்புச் சாப்பிடுகிறவளும் இல்லை. பழசானால் கோழிக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கி வைப்பாளாம்.

மயிலாப்பூரில் எங்கள் சமையலறையில் சர்க்கரை டப்பாவைப் பூட்டி வைத்துச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்கிறவள் நான். அதை வாத்தியாரிடம் சொல்லவில்லை. ஆனால் பிலார் என்னைப் பார்த்த பார்வையில், சொல்லாமலே அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று பட்டது.

ரொட்டி, தக்காளி, ஆலிவ் எண்ணெய், பாதாம் பருப்பு கொண்டுவந்து வைத்தாள். இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முற்றத்தில் பூட்ஸ் சத்தம். தொப்பியை இழந்த அதே காவலர். இப்போது தொப்பி தலையில் இருந்தது. பாஸ்போர்ட்டைக் கேட்டார். அவசரமாக எடுத்ததில் இரண்டையும் கீழே போட்டேன். சர்வாதிகாரி ஆண்ட அந்த நாட்டில் அந்தத் தொப்பியைக் கண்டாலே ஜனங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதை நாலு நாளாகப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட தொப்பியை இவர் சாமி ஊர்வலத்தின் நடுவில், ஊரே பார்க்கத் தட்டிவிட்டிருக்கிறார். வாத்தியார்கூட எழுந்து நின்றார். பிலார் மட்டும் எழவில்லை. ரொட்டியை அறுத்துக்கொண்டே இருந்தாள்.

காவலர் பாஸ்போர்ட்டில் இருந்த படத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் என்ன செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை, மன்னிக்கவேண்டும்" என்றார் இவர். வாத்தியார் அதைச் சொன்னார். காவலர் பாஸ்போர்ட்டை மேஜை மேல் வைத்தார்.

"அடுத்த தடவை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

போகும்போது என் செருப்பு ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இன்னொன்று கிடைக்கவில்லை. பிலார் தன்னுடைய துணிச் செருப்பைக் கொடுத்தாள். வாசலில் விடைபெறும்போது என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் மேல் அந்தப் பச்சிலை வாசனையும் பூண்டு வாசனையும் அடித்தது. நம் பக்கம் அன்னியர் யாரும் அப்படிக் கட்டிக்கொள்வதில்லை. நானும் கட்டிக்கொண்டேன்.

சாயங்காலம் அதே திருப்பத்தில் பஸ் நின்றது. கிழவர் சொன்னபடியே உள்ளே மூட்டை பத்திரமாக இருந்தது. வாழைப்பழம் மட்டும் கறுத்துவிட்டது.

பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் இவர் கேட்டார்.

"போலீஸ்காரன் தொப்பியை நிஜமாவே தட்டினேனா?"

"தட்டினேள்."

"வேற என்ன பண்ணினேன்?"

பேசாமல் இருந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை. மிட்டாய்க்கடை வாசலில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அது சர்க்கரை பேசின பேச்சு, நான் பேசினது இல்லை என்று இவர் சொல்வார் என்று காத்திருந்தேன். அதைத்தான் நானே எனக்கு மத்தியானம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி ஆலிவ் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அதுல பாதி நிஜம்" என்றார்.

எனக்கு பஸ்ஸில் இருப்பதே மறந்துபோயிற்று.

"ஒட்டிண்டு வந்தேன்னு சொன்னது பொய். அவா என்னை மட்டும்தான் கூப்பிட்டா. ஆம்படையா வந்தாத்தான் வருவேன்னு நான்தான் கேட்டேன். உனக்கு ஊர் காட்டணும்னு இருந்தது. ஊசிக்காக இல்லை."

"மீதி?"

"மீதி நிஜம். நீ என் தட்டைப் பார்க்கறச்சே நான் மனுஷனாவே இல்லை. வியாதி உக்காந்து சாப்பிடறாப்ல இருக்கு."

"நான் பார்க்கலேன்னா இன்னிக்கு மாதிரிதான் ஆகும்."

"இன்னிக்கும் பார்த்துண்டுதானே இருந்தே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

மிட்டாய்க்கடை வாசலில் இவர் நெற்றியில் வியர்வையைப் பார்த்தேன். மிட்டாயைக் கேட்டபோது குரல் மாறியதைக் கேட்டேன். பக்கத்திலேயே நின்றேன். ஒன்றும் தெரியவில்லை. வாழைப்பழத்தை உரித்து ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை ஓட்டல் அறையில் வழக்கம்போல் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி ஊசியைக் கொதிக்கவைத்தேன். ஆறியதும் மருந்துக் குப்பியை எடுக்கப் போனேன். இவர் கையை நீட்டினார்.

"குடு. நான் போட்டுக்கறேன்."

"உங்களுக்குப் பழக்கமில்லையே."

"பழகிக்கறேன்."

ஊசியையும் குப்பியையும் இவர் கையில் கொடுத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து வேட்டியைத் தொடைக்கு மேல் ஒதுக்கிக்கொண்டார். பஞ்சை நனைக்கிற சத்தம் கேட்டது. நான் ஜன்னலண்டை போய் நின்றேன். கீழே தெருவில் ஒருவன் குழாயைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கழுவிக்கொண்டிருந்தான். பின்னால் இவர் "ஸ்" என்று மூச்சை இழுத்தார். எவ்வளவு மருந்து ஏற்றிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.